ஃபாயின்ஸ் பறக்கும் படகு அருங்காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் மேற்கில், ஷானன் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் ஃபாயின்ஸ் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. லிமெரிக் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1937 முதல் 1945 வரை அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்தவர்களில் ஏராளமானோர் இந்த ஊர்த் தண்ணீரில்தான் இறங்கி ஏறினார்கள். அந்த எட்டு வருடக் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

பறக்கும் படகு என்றால் என்ன? கடல் விமானம் என்பதும் இதுவும் ஒன்றா?

தண்ணீரில் இறங்கி ஏறும் எல்லா விமானங்களையும் பொதுவாகக் கடல் விமானம் என்கிறோம். அதில் இரண்டு வகை. சாதாரண விமானத்தின் சக்கரத்தை எடுத்துவிட்டு மிதவைகளைப் பொருத்தினால் அது மிதவை விமானம். மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகளைத் தீவு தீவாகக் கொண்டு போவது இந்த வகை. விமானத்தின் வயிற்றுப் பகுதியையே படகு மாதிரி கட்டி, அதன்மேலேயே மிதக்க விட்டால் அது பறக்கும் படகு. ஃபாயின்ஸுக்கு வந்த பெரிய விமானங்கள் எல்லாம் இரண்டாவது வகை.

அவ்வளவு பெரிய விமானங்களை ஏன் தண்ணீரில் இறக்கினார்கள்?

1930களில் நீளமான காங்கிரீட் ஓடுபாதை உலகில் அபூர்வம். அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டுமென்றால் டன் கணக்கில் பெட்ரோல் நிரப்ப வேண்டும். அந்த எடையோடு மேலே எழும்ப ரொம்ப தூரம் ஓட வேண்டும். தரையில் அதற்கு இடமில்லை. ஆற்றிலும் ஏரியிலும் அந்தப் பிரச்சினை கிடையாது, எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓடலாம். ஓடுபாதை போடும் செலவும் இல்லை.

நடுவழியில் ஏதாவது ஆனால் கடலில் இறங்கிக்கொள்ளலாம் என்ற தைரியமும் பயணிகளுக்கு இருந்தது. அட்லாண்டிக்கின் அலைகளைப் பார்த்தவர்கள் இதைப் பெரிதாக நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முறை அது உண்மையிலேயே நடந்தது, கீழே வருகிறது.

எத்தனையோ ஊர் இருக்க, ஏன் ஃபாயின்ஸ்?

வரைபடத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அமெரிக்காவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் ஐரோப்பாவின் மேற்கு ஓரம் அயர்லாந்து. எதிர்ப்பக்கம், இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்து தீவின் பாட்வுட் துறைமுகம். இரண்டுக்கும் நடுவே சுமார் 3,200 கி.மீ. அந்தக் கால விமானங்கள் மூச்சு முட்டப் பறந்து தாண்டக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

மீதிப் பாதி, ஊரின் அமைப்பு. ஊருக்கு நேர் முன்னால் ஃபாயின்ஸ் தீவு கிடக்கிறது. அது அலையையும் காற்றையும் தடுப்பதால் உள்ளே தண்ணீர் ஓரளவு அமைதியாக இருக்கும். துறைமுகமும் ரயில் பாதையும் முன்பே இருந்தன. 1935 டிசம்பரில், ஃபாயின்ஸ்தான் அட்லாண்டிக் விமானத் தளம் என்று அயர்லாந்து அரசு அறிவித்தது. ஊரில் இருந்த மான்டீகிள் ஆர்ம்ஸ் என்ற விடுதி விமான நிலையக் கட்டடமாக மாறியது. இன்று அருங்காட்சியகம் இருப்பதும் அதே கட்டடத்தில்தான்.

முதல் விமானம் எப்போது கடலைத் தாண்டியது?

1937 ஜூலை 5 மாலை, பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் கலிடோனியா ஃபாயின்ஸிலிருந்து மேற்கு நோக்கிக் கிளம்பியது. கேப்டன் வில்காக்ஸன் ஓட்டினார். அதே இரவில், அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் கிளிப்பர் III, கேப்டன் ஹரால்ட் கிரே தலைமையில் பாட்வுட்டிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பியது. இருட்டில், நடுக்கடலுக்கு மேல் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று கடந்தன. மறுநாள் காலை இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

கிளிப்பருக்குச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம், கலிடோனியாவுக்குச் சுமார் பதினைந்து. இதற்குக் காரணம் ஓட்டியவரின் திறமை அல்ல, காற்று. வட அட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும். கிளிப்பரை அது பின்னாலிருந்து தள்ளியது, கலிடோனியாவின் முகத்தில் அடித்தது. எதிர்காற்றின் வேகம் குறையட்டும் என்று வில்காக்ஸன் வழி முழுக்கத் தண்ணீருக்கு மேலே தாழ்வாகவே பறந்தார். இரண்டிலும் பயணிகள் இல்லை, இவை சோதனைப் பயணங்கள். கலிடோனியாவின் உள்ளே இருந்த இருக்கைகளையெல்லாம் கழற்றிவிட்டுக் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளை வைத்திருந்தார்கள்.

ஒரு விமானத்தின் முதுகில் இன்னொரு விமானம் ஏறிப் பறந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பெட்ரோல் நிறைய ஏற்றினால் விமானம் எழும்பாது, குறைவாக ஏற்றினால் போய்ச் சேராது. இந்தச் சிக்கலுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு விசித்திரமான வழிகளை முயன்றார்கள், இரண்டும் ஃபாயின்ஸோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது, மையா என்ற பெரிய பறக்கும் படகின் முதுகில் மெர்க்குரி என்ற சின்ன மிதவை விமானத்தைப் பொருத்துவது. இரண்டும் சேர்ந்து எழும்பும்; மேலே போனதும் மெர்க்குரி பிரிந்து தன் வழியே போகும். 1938 ஜூலை 21 அன்று ஃபாயின்ஸுக்கு மேலே அப்படிப் பிரிந்த மெர்க்குரி, எங்கும் நிற்காமல் 20 மணி 21 நிமிடத்தில் கனடாவின் மான்ட்ரியலுக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள்களும் செய்திப் படச் சுருள்களும்தான் சரக்கு. ஓட்டியவர் டான் பென்னட், பிற்பாடு உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் பாத்ஃபைண்டர் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். இந்த மாதிரி ஜோடி ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. தபாலைத் தவிர வேறெதற்கும் உதவாத ஏற்பாடு, கைவிட்டதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது வழி வானத்திலேயே பெட்ரோல் நிரப்புவது. 1939 ஆகஸ்டில் காரிபூ, கேபட் என்ற பறக்கும் படகுகள் ஃபாயின்ஸிலிருந்து குறைந்த பெட்ரோலோடு எழும்பின. மேலே ஹாரோ ரக டாங்கர் விமானம் குழாய் வழியாக மீதியை நிரப்பியது. இன்று போர் விமானங்கள் சர்வசாதாரணமாகச் செய்வதன் ஆரம்பகால முயற்சி இது. சில வாரங்களில் போர் வந்து, அந்தச் சேவை நின்றுபோனது.

சாதாரணப் பயணிகள் எப்போது பறக்க ஆரம்பித்தார்கள்?

‘சாதாரண’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். பான் ஆமின் யாங்கீ கிளிப்பர் 1939 ஜூலை 9 அன்று நியூயார்க்கிலிருந்து பயணிகளோடு ஃபாயின்ஸில் வந்து இறங்கியது. ஒரு வழிக் கட்டணம் 375 டாலர், போக வர 675. தொழிலதிபர்கள், நடிகர்கள், தூதர்கள், அரசியல்வாதிகள், இவர்களால்தான் முடியும்.

கொடுத்த காசுக்கு வசதிக்குக் குறைவில்லை. யாங்கீ கிளிப்பர் போயிங் 314 ரகம். 32 மீட்டர் நீளம், இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 46 மீட்டர், இரண்டு தளங்கள். பகலில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். இரவில் இருக்கைகளைப் படுக்கையாக்கி நாற்பது பேர் வரை தூங்கலாம். சாப்பாட்டு அறையில் மேசை விரிப்பு போட்டு, வெள்ளைக் கோட்டு அணிந்த பணியாளர்கள் பரிமாறுவார்கள். வால் பக்கம் புதுமணத் தம்பதிகளுக்கென்று தனி அறை. இறக்கைக்குள்ளே ஊர்ந்து போக ஒரு வழி இருந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே பொறியாளர் அதில் நுழைந்து போய் எஞ்சினின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த விமானத்தை அருங்காட்சியகத்தில் பார்க்கலாமா?

அசலைப் பார்க்க முடியாது. உலகத்தில் எங்கும் முடியாது. போயிங் 314 மொத்தம் 12 கட்டப்பட்டன. ஒன்பது பான் ஆமுக்கு, மூன்று பிரிட்டனுக்கு. 1950களின் தொடக்கத்துக்குள் எல்லாம் போய்விட்டன. சில விபத்தில், மற்றவை பழைய இரும்புக் கடைக்கு. ஒன்றையாவது வைத்துக்கொள்வோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் ஃபாயின்ஸில் இருப்பது முழு அளவு மாதிரி. 2006-இல் அருங்காட்சியகத்தை விரிவாக்கியபோது வைத்தார்கள். உள்ளே ஏறி, விமானி அறை, படுக்கைகள், சாப்பாட்டு அறை எல்லாவற்றையும் பார்க்கலாம். மாதிரிதானே என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அசல் ஒன்றுமே மிஞ்சாத பொருளுக்கு இதைவிட என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தவிர, இங்கே அசல் என்று சொல்ல வேண்டியது கட்டடம். அந்தப் பயணிகள் உட்கார்ந்து காத்திருந்த அதே கட்டடம், அவர்கள் வந்து இறங்கிய அதே தண்ணீர். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள் வைத்திருக்கும் பல பெரிய அருங்காட்சியகங்களுக்கு இது கிடைக்காது.

அயர்லாந்து போரில் நடுநிலை நாடு ஆயிற்றே. போர்க் காலத்தில் இந்தத் தளம் எப்படி இயங்கியது?

போர்க் காலத்தில்தான் ஃபாயின்ஸ் உச்சத்துக்குப் போனது. லண்டனிலிருந்து அமெரிக்கா போக வேண்டிய அதிகாரிகளுக்கு இது தவிர்க்க முடியாத வாசல். ஐரோப்பாவிலிருந்து தப்பி போர்ச்சுகலின் லிஸ்பன் வரை வந்துவிட்டவர்களுக்கும் அப்படியே. இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலிருந்தும் லிஸ்பனிலிருந்தும் விமானங்கள் இங்கே வந்து சேர்ந்தன.

நடுநிலையைக் காப்பாற்ற ஒரு எளிய ஏற்பாடு: ராணுவக்காரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் வருவார்கள். அவர்கள் யாரென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். வானிலை சரியில்லை என்றால் பக்கத்து ஊர் விடுதிகளில் நாள்கணக்கில் தங்க வேண்டியதுதான். அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் 1942-இல் பிரிட்டன் போனபோது இந்த வழியாகத்தான் போனார்.

பாட்வுட் குளிர்காலத்தில் உறைந்துவிடும். அப்போது அமெரிக்கா போக லிஸ்பன், மேற்கு ஆப்பிரிக்கா, பிரேசில் என்று பூமியை அரைச் சுற்று சுற்ற வேண்டியிருந்தது. எதிர்காற்றையும் மீறி நேராகப் போக முடியும் என்று காட்டியவர் அமெரிக்கன் எக்ஸ்போர்ட் ஏர்லைன்ஸின் கேப்டன் சார்லஸ் பிளேர். 1942 ஜூனில் சிகோர்ஸ்கி விஎஸ்-44 ரக விமானத்தில் பயணிகளோடு ஃபாயின்ஸிலிருந்து கிளம்பி, பாட்வுட்டில் நிற்காமல், 25 மணி 40 நிமிடத்தில் நியூயார்க்கில் இறங்கினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகக் கதையில் மறுபடி வருவார்.

விபத்துகள் நடக்கவில்லையா?

நடந்தன. 1943 பிப்ரவரியில் யாங்கீ கிளிப்பரே லிஸ்பனில் இறங்கும்போது நொறுங்கி 24 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூலை 28 அன்று லிஸ்பனிலிருந்து ஃபாயின்ஸுக்கு வந்துகொண்டிருந்த சண்டர்லேண்ட் விமானம் கெர்ரி மாவட்டத்தின் பிராண்டன் மலையில் மோதியது. இருந்த 25 பேரில் பத்துப் பேர் இறந்தார்கள்.

முன்னே சொன்ன அதிசயம் 1947 அக்டோபரில் நடந்தது. பெர்முடா ஸ்கை குவீன் என்ற பழைய போயிங் 314, ஃபாயின்ஸிலிருந்து 69 பேரோடு நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிளம்பியது. எதிர்காற்றில் பெட்ரோல் கரைந்துகொண்டே போனது. முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. நடுக்கடலில் வானிலைக் காவலுக்கு நின்றிருந்த பிப் என்ற அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் விமானத்தை அலைகளின் மேல் இறக்கினார் விமானி. கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகுகளிலும் சிறு படகுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயணிகளை மீட்டார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். காலி விமானத்தை, மற்ற கப்பல்களுக்கு ஆபத்தாகிவிடும் என்று கப்பல்காரர்களே சுட்டு மூழ்கடித்தார்கள்.

வானிலை அறை, வானொலி அறை என்று ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள்?

என்னைக் கேட்டால் அருங்காட்சியகத்தின் முக்கியமான இடம் அதுதான், பெரும்பாலோர் மாதிரி விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

செயற்கைக்கோள் இல்லாத காலம். நடுக்கடலில் என்ன காற்று அடிக்கிறது என்பதைக் கப்பல்கள் அனுப்பும் தகவலை வைத்துத்தான் கணிக்க வேண்டும். போர் தொடங்கியதும் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து கப்பல்கள் வாயை மூடிக்கொண்டன. வரைபடத்தின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாகிவிட்டது. கையில் இருக்கும் நாலைந்து தகவலை வைத்துக்கொண்டு, இன்றிரவு எதிர்காற்று இவ்வளவு இருக்கும், பெட்ரோல் போதும் அல்லது போதாது என்று ஃபாயின்ஸ் வானிலையாளர்கள் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் வானிலைத் துறையே 1936-இல் முக்கியமாக இந்த வேலைக்காகத்தான் உருவானது.

விமானம் கிளம்பியதும் மோர்ஸ் தந்தியில் தொடர்பு. ஆற்றின் எதிர்ப்பக்கம் கிளேர் மாவட்டத்தில் பாலிகிரீன் என்ற இடத்தில் வானொலி நிலையம் வைத்தார்கள். வட அட்லாண்டிக்கைக் கடக்கும் இன்றைய ஜெட் விமானங்களும் அந்த பாலிகிரீனோடுதான் பேசுகின்றன. ஷான்விக் ரேடியோ என்பது அதன் அழைப்புப் பெயர். பாதி வழியில் ‘இதற்குமேல் திரும்ப முடியாது’ என்ற புள்ளி வரும். அதற்கு முன்பே காற்று கணிப்பை மீறினால் விமானி திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அப்படித் திரும்பி வந்த ஒரு விமானத்தால்தான் அடுத்த கேள்வியே பிறந்தது.

ஐரிஷ் காபி இங்கேதான் பிறந்ததா?

ஆமாம் என்கிறது அருங்காட்சியகம், பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கதையும் அதுவே. 1943 குளிர்காலத்தில் ஓர் இரவு, மோசமான வானிலையால் மணிக்கணக்கில் பறந்துவிட்டுத் திரும்பிய பயணிகள் நடுங்கிக்கொண்டு படகில் கரையேறினார்கள். நிலைய உணவகத்தின் சமையல்காரர் ஜோ ஷெரிடன் அவர்களுக்குக் கொடுத்த சூடான காபியில் ஐரிஷ் விஸ்கியையும் ஊற்றிவிட்டார். இது பிரேசில் காபியா என்று ஒருவர் கேட்க, இல்லை, ஐரிஷ் காபி என்று இவர் சொன்னாராம்.

செய்முறை எளிது, கைப்பக்குவம் வேண்டும். கண்ணாடிக் கோப்பையை வெந்நீரில் சூடாக்கிக் கொட்ட வேண்டும். சர்க்கரை, விஸ்கி, திக்கான கறுப்புக் காபி போட்டுக் கலக்க வேண்டும். லேசாக அடித்த கிரீமைக் கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக விட்டால் மேலே மிதக்கும். அப்புறம் கலக்கக் கூடாது. சில்லென்ற கிரீம் வழியாகச் சூடான காபி வாய்க்கு வர வேண்டும். சர்க்கரை போடாவிட்டால் கிரீம் மிதக்காமல் மக்கர் செய்யும்.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டு போனவர் பயண எழுத்தாளர் ஸ்டான்டன் டெலாப்ளேன். 1952-இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கஃபேயில் அவரும் கடைக்காரரும் உட்கார்ந்து செய்து பார்த்தபோது கிரீம் மூழ்கிக்கொண்டே இருந்ததாம். ஷெரிடனும் பிற்பாடு அந்தப் பக்கமே குடிபெயர்ந்து 1962-இல் இறந்தார். உணவகத்தின் மேலாளராக இருந்த பிரெண்டன் ஓ'ரீகன்தான் 1947-இல் ஷானன் விமான நிலையத்தில் உலகின் முதல் வரியில்லாக் கடையைத் திறந்தவர். ஒரு சின்ன உணவகத்துக்கு இது கொஞ்சம் அதிகப்படியான புகழ்தான்.

இவ்வளவு புகழ்பெற்ற தளம் ஏன் மூடப்பட்டது?

எதிர்க்கரையைப் பாருங்கள், விடை தெரியும். ஃபாயின்ஸ் இயங்கிக்கொண்டிருந்தபோதே ஆற்றின் வடகரையில் ரைனானா என்ற சதுப்பு நிலத்தைச் சீர்செய்து ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைய ஷானன் விமான நிலையம் அதுதான். போர், உலகம் முழுக்க ஓடுபாதைகளைப் போட்டுத் தள்ளியது. டிசி-4 போன்ற தரை விமானங்கள் அட்லாண்டிக்கைச் சுலபமாகத் தாண்ட ஆரம்பித்தன.

பறக்கும் படகைப் பராமரிப்பது பெரிய தலைவலி. உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும். இறங்கும் நேரத்தில் ஒரு மரத்துண்டு மிதந்து வந்தாலும் அடிப்பாகம் கிழியும், அதனால் ஒவ்வொரு முறையும் படகில் போய்ப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரவில் படகுகளில் விளக்கு ஏற்றி வரிசையாக நிறுத்த வேண்டும். பயணிகளைக் கரைக்குக் கொண்டுவர இன்னொரு படகு. தரையில் இதெல்லாம் தேவையில்லை. 1945 அக்டோபரோடு அட்லாண்டிக் சேவை எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவை பெர்முடா ஸ்கை குவீன் மாதிரி எப்போதாவது ஒன்று.

அருங்காட்சியகம் எப்படித் தொடங்கியது?

நாற்பது வருடம் ஊர் இதைக் கிட்டத்தட்ட மறந்தேவிட்டது. ஷானனுக்குக் கிடைத்த பெயரில் ஃபாயின்ஸ் மங்கிப் போனது. 1980களின் இறுதியில் மார்கரெட் ஓ'ஷாக்னஸி என்பவர் முன்கை எடுத்து இதை உருவாக்கினார். இயக்குநராகவும் நீண்ட காலம் இருந்தார். யாங்கீ கிளிப்பர் வந்து இறங்கி ஐம்பது வருடம் ஆவதை ஒட்டி, 1989 ஜூலை 8 அன்று ஹாலிவுட் நடிகை மொரீன் ஓ'ஹாரா திறந்து வைத்தார். ஆரம்பத்தில் சின்ன இடம். அப்புறம் கட்டடத்தின் மற்ற பகுதிகளும் சேர்ந்தன, 2006-இல் மாதிரி விமானம் வந்தது, பிற்பாடு ஷானன் முகத்துவாரத்தின் கப்பல் கதையைச் சொல்லும் பிரிவும் சேர்ந்தது. பெயரிலும் கடல்சார் என்ற சொல் ஏறியது.

ஹாலிவுட் நடிகைக்கும் பறக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்ன சார்லஸ் பிளேர்தான் சம்பந்தம். டப்ளினில் பிறந்த ஓ'ஹாரா 1968-இல் அவரை மணந்தார். கரீபியன் தீவுகளுக்கு இடையே பறக்கும் படகுகளை ஓட்டும் ஆன்டில்லிஸ் ஏர் போட்ஸ் என்ற நிறுவனத்தை பிளேர் நடத்திவந்தார். 1978-இல் அந்த நிறுவனத்தின் விமானம் ஒன்றை ஓட்டும்போது விபத்தில் இறந்தார். அதன்பின் நிறுவனத்தைக் கொஞ்ச காலம் ஓ'ஹாராவே நடத்தினார். 2015-இல் இறக்கும்வரை ஃபாயின்ஸ் அருங்காட்சியகத்தின் புரவலராக இருந்தார். திறப்பு விழாவுக்கு ஒரு நடிகையைக் கூப்பிடும் வழக்கமான கதை இல்லை இது.

போக வர வசதி எப்படி?

லிமெரிக் நகரிலிருந்து மேற்கே சுமார் 35 கி.மீ., ஆற்றை ஒட்டிய சாலை. பயணிகள் ரயில் 1963-லேயே நின்றுவிட்டதால் கார் அல்லது பேருந்துதான். குளிர்காலத்தில் மூடியிருக்கும் காலம் உண்டு, போகும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் மாதிரி விமானத்திலிருந்து இறங்க மாட்டார்கள். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

நம் பக்கத்தில் பறக்கும் படகுகள் வந்ததுண்டா?

உண்டு. உலகப் போரின்போது சென்னை செங்குன்றம் ஏரி பிரிட்டிஷ் விமானப் படையின் கேட்டலினா ரகப் பறக்கும் படகுகளுக்குத் தளமாக இருந்தது. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரி இன்னும் பெரிய தளம். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதை முதலில் கண்டு தகவல் அனுப்பிய விமானம் அங்கிருந்து கிளம்பியதுதான். 1943 முதல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கொக்கலவுக்கு கான்டாஸ் விமானங்கள் நிற்காமல் பறந்தன. சுமார் முப்பது மணி நேரம் ஆகும் பயணம், வழியில் இரண்டு முறை சூரியன் உதிக்கும். பிளேரின் 25 மணி நேரத்தையும் தாண்டிய பயணம் அது.

அசல் பறக்கும் படகைத்தான் பார்க்க வேண்டும் என்றால்?

பிளேர் ஓட்டிய அதே ரகமான விஎஸ்-44-இல் மூன்றுதான் கட்டப்பட்டன. மிஞ்சிய ஒன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ இங்கிலாந்து ஏர் மியூசியத்தில் இருக்கிறது. பிளேரின் கரீபியன் நிறுவனத்தில் பறந்த சாண்ட்ரிங்ஹாம் ரக விமானம் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சோலன்ட் ஸ்கை அருங்காட்சியகத்தில் நிற்கிறது, உள்ளேயும் போய்ப் பார்க்கலாம். பிரான்ஸில் பிஸ்கரோஸ் என்ற ஏரிக்கரை ஊரில், லாத்தேகோயேர் என்ற விமான நிறுவனத்தின் பழைய தளத்தில், கடல் விமானங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உண்டு. மறுகரையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பாட்வுட்டிலும் ஒன்று இருக்கிறது.